காய்கறி அக்காவுக்கு நம் கோயில் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறது



நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படிச்சு முடிச்சிட்டுத் திட்டணும்னா திட்டுங்க, பாதியில விட்டுட்டுத் திட்டாதீங்க.

நாங்கள் அன்னதானக் குழுவில் காய் நறுக்குகிறவர்கள். மேடை ஏறுவதில்லை, பொன்னாடை வாங்குவதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் விடியற்காலை நாலு மணிக்குக் கோயில் பின்கட்டில் பலகையும் கத்தியுமாக உட்கார்ந்திருப்போம். அறுநூறு எழுநூறு பேருக்குச் சமைக்க வேண்டும். எங்கள் கையில் படாமல் ஒரு பயித்தங்காய்கூட உங்கள் வாழை இலைக்கு வருவதில்லை. அதனால் இதைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறோம்.

இரண்டாம் சனிக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தது உங்களில் பலருக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. "கோயிலுக்கு வந்த நச்சுக் காய்கறி பிடிபட்டது" என்று ஒரு செய்தி. கூடவே ஒரு படம்: மேசை மேல் ரெண்டு வெள்ளை அட்டை, பக்கத்தில் முள்ளங்கி, கொத்தமல்லிக் கட்டு. இன்னொரு படத்தில் அக்காவின் வேன், நம்பர் பிளேட்டோடு. பதினோரு வருஷமாக நமக்குக் காய் போடுகிற அக்கா. கிருஷ்ண ஜெயந்திக்கு வாழைப்பழத்துக்கு ஒரு வருஷமும் பில் எழுதியதில்லை. அன்றைக்கு ராத்திரிக்குள் அந்தப் படம் எத்தனை குழுவுக்குப் போனதோ, மறுநாள் காலை பாசாரில் அவரிடம் வழக்கமாக வாங்குகிறவர்கள் அடுத்த கடையில் நின்றார்கள்.

மூன்றாம் சனிக்குப் புது ஆள் காய் போட்டார். அவரே ஒரு கத்தை நீல அட்டைகளைக் கையோடு கொண்டு வந்தார். "எல்லாம் பாஸ்" என்றார். தானே பரீட்சை எழுதித் தானே மார்க் போட்டுக்கிட்ட கதை. அந்த அட்டைகளைப் படம் எடுத்துப் பெரிதாக்கி, இப்போது அன்னதான மண்டப வாசலில் பேனர் தொங்குகிறது: "பூச்சிமருந்து இல்லாத, பரிசோதிக்கப்பட்ட அன்னதானம்".

அந்த பேனர் சொல்வது உண்மை இல்லை. அக்காவைப் பற்றி வாட்ஸ்அப்பில் சொன்னதும் உண்மை என்று நிரூபிக்கப்படவில்லை. ரெண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்த அட்டை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்சம் விளக்குகிறோம். கஷ்டமான விஷயம் இல்லை, இட்லி மாவு புளிக்கிறதைப் புரிந்துகொள்கிறவர்களுக்கு இதுவும் புரியும்.

அட்டையில் இரண்டு வட்டம் இருக்கும். வெள்ளை வட்டத்தில் ஒரு நொதியைக் காயவைத்து வைத்திருப்பார்கள். அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்று வாயில் நுழையாத பேர். நம் நரம்பு ஒரு செய்தியைச் சொல்லி முடித்ததும் அந்தச் செய்தியைத் துடைத்துவிடுகிற அதே வகை நொதி. சிவப்பு வட்டத்தில் ஒரு சாயப்பொருள். காயைச் சிறிதாக வெட்டி, ஐந்து கிராம் எடுத்து, அதற்கான கரைசல் பத்து மில்லி ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரில் ரெண்டு மூணு சொட்டு வெள்ளை வட்டத்தில் விட வேண்டும். பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். பிறகு அட்டையை மடித்து ரெண்டு வட்டத்தையும் ஒட்டவைத்து மூணு நிமிஷம் பிடிக்க வேண்டும். நொதி உயிரோடு இருந்தால் சாயப்பொருளை உடைக்கும், நீலம் வரும். நொதி முடங்கியிருந்தால் நீலம் வராது, வெள்ளையாகவே இருக்கும்.

ஆக, அட்டை கேட்பது ஒரே ஒரு கேள்வி: "இந்தச் சாற்றில் என் நொதியை முடக்குகிற ஏதாவது இருக்கா?" அவ்வளவுதான். மருந்து இருக்கா, என்ன மருந்து, எவ்வளவு, சட்டம் அனுமதிக்கிற அளவைத் தாண்டிச்சா, இது எதையும் அது கேட்பதில்லை.

அந்த நொதியை முடக்குவது முக்கியமாக இரண்டு வகைப் பூச்சிமருந்து. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட். மோசமான வகைகள்தான், மறுக்கவில்லை. 2013இல் பீகாரில் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்களே, அந்தச் சமையல் எண்ணெயில் இருந்த மோனோகுரோட்டோபாஸ் ஆர்கனோபாஸ்பேட் இனம். (மருந்து வந்த தோங்கைக் கழுவிட்டுத் தண்ணி பிடிக்கலாம்னு நம்ம பின்கட்டுக்கு யாரோ ஒருத்தர் கொண்டு வந்தார். அதைத் திருப்பி அனுப்பியதும் நாங்கள்தான். அப்போது எங்களுக்குக் கிடைத்த பேர் "ரொம்ப பண்றாங்க".)

ஆனால் தோட்டத்தில் அடிக்கிற மருந்து அந்த ரெண்டு வகையோடு நிற்கவில்லை. சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை இருக்கிறது. இமிடாகுளோப்ரிட் இருக்கிறது. பூஞ்சைக்கு அடிக்கிற மான்கோசெப் இருக்கிறது. களைக்கொல்லிகள் இருக்கின்றன. இவை எதுவும் அந்த நொதியைத் தொட்டு வேலை செய்கிறவை அல்ல. காயை இதில் முக்கி எடுத்துக் கொண்டு வந்தாலும் அட்டை அழகாக நீலமாகும். நாம் அதைப் படம் எடுத்து பேனர் போடுவோம்.

சரி, அந்த ரெண்டு வகையையாவது முழுசாகப் பிடிக்குமா? இந்த மாதிரி அட்டைக்குச் சீன நாடு 2003இல் வெளியிட்ட தர முறையில் எந்த மருந்தை எந்த அளவிலிருந்து கண்டுபிடிக்கும் என்று பட்டியலே இருக்கிறது. கார்போபியூரான் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். மாலத்தியான் 2. அசிபேட் 3.5. அதற்குக் கீழே இருந்தால் அட்டைக்குத் தெரியாது. நம் நாட்டு உணவு விதிமுறையில், பட்டியலில் தனியாக அளவு சொல்லப்படாத மருந்துக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். எல்லாக் காய்க்கும் எல்லா மருந்துக்கும் இதே அளவு இல்லை, சிலதுக்கு அதிகம் உண்டு. ஆனாலும் 0.01 எங்கே, 3.5 எங்கே? ஓட்டை பெரிசா இருக்கிற சல்லடையில் ரவை சலித்துவிட்டு, கீழே ஒன்றும் போகவில்லை என்று சத்தியம் செய்ய முடியுமா?

இனி வெள்ளை அட்டைக்கு வருவோம். எங்களைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

அதே தர முறையில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. வெங்காயத்தாள், பூண்டு, முள்ளங்கி, செலரி, கொத்தமல்லி, காளான், தக்காளிச் சாறு. இவற்றில் இயற்கையாகவே இருக்கும் சில பொருள்கள் அந்த நொதியைப் பாதிக்கும். மருந்தே அடிக்காவிட்டாலும் அட்டை வெள்ளையாகலாம். அதனால் இந்தக் காய்களை வெட்டிச் சாறு எடுக்காமல், முழுசாகக் கரைசலில் முக்கியோ, மேற்பரப்பை மட்டும் துடைத்தோ சோதிக்கச் சொல்கிறார்கள்.

அக்காவின் வேனிலிருந்து எடுத்துச் சோதித்தது எது? முள்ளங்கி, கொத்தமல்லி. எப்படிச் சோதித்தார்கள்? பொடியாக நறுக்கி.

எங்கே சோதித்தார்கள்? கோயில் அலுவலகத்தில், ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்க. நொதிக்கு நம் உடம்புச் சூடு, 37 டிகிரி பக்கம் வேண்டும். குளிரில் மந்தமாகிவிடும், நீலம் வர நேரமெடுக்கும், மூணு நிமிஷத்தில் பார்த்தால் வெளுத்துத் தெரியும். அட்டைகளைப் பெட்டியில் போட்டிருக்கிறபடி குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நம்முடையது ரசீது புத்தகத்தோடு மேசை டிராயரில் இருந்தது. வெறும் கரைசலை மட்டும் விட்டு ஒரு அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அது நீலமானால்தான் அட்டை நல்ல அட்டை. அந்த ஒப்பீட்டு அட்டை வைக்கப்படவில்லை. வைக்கப்பட்டிருந்தால் படத்தில் மூணு அட்டை இருந்திருக்கும். ரெண்டுதான் இருக்கிறது, திரும்பப் போய்ப் பாருங்கள்.

நாங்கள் சும்மா வாயால் சொல்லவில்லை. எங்களில் ஒருவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து பார்த்தோம். அவர் வீட்டுப் பின்னால் தொட்டியில் வளர்த்த வெங்காயத்தாள், கொத்தமல்லி. மருந்து என்பதையே பார்க்காத செடி, மாட்டுச் சாணமும் அரிசி கழுவின தண்ணியும்தான். (வெங்காயத்தாள் பெருமாள் கோயில் சமையலுக்கு ஆகாது, சோதனைக்கு ஆகும்.) கடையில் வாங்கிய அதே மாதிரி அட்டை. பொடியாக நறுக்கிச் சாறு எடுத்ததில் வெங்காயத்தாள் பளிச்சென்று வெள்ளை. கொத்தமல்லி வெளிர் நீலம், அவர்கள் கணக்குப்படி அதுவும் "சந்தேகம்". இலையை நறுக்காமல் மேலே கரைசல் விட்டுத் தேய்த்து எடுத்ததில் ரெண்டும் நல்ல நீலம். வெறும் கரைசல் அட்டையும் நீலம். செலவு முப்பது வெள்ளிக்குள். இதை அக்காவின் பெயரைக் கெடுப்பதற்கு முன்னால் செய்திருக்கலாம்.

இதனால் அக்காவின் முள்ளங்கியில் மருந்தே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அது எங்களுக்கும் தெரியாது, அட்டை வைத்தவர்களுக்கும் தெரியாது. தெரியணும்னா ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று பேரோடும் எண்ணோடும் வாங்க வேண்டும். அட்டை வெள்ளையானால் அடுத்த படி அதுதான். வாட்ஸ்அப் அல்ல. 1980களில் தைவான் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த நொதி முறையைக் காய்கறிக்குக் கொண்டு வந்தபோதே நோக்கம் இதுதான்: சந்தைக்குப் போகும் முன் சந்தேகமான சரக்கைச் சீக்கிரம் ஒதுக்கி வைப்பது. தீர்ப்பு சொல்வது அல்ல.

நிர்வாகத்தில் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "அப்போ சோதிக்கவே வேண்டாங்கறீங்களா? சாமி பாத்துக்குவார்னு விட்டுடலாமா?" இல்லைங்க. அந்தப் பேச்சும் எங்களுக்கு ஆகாது. நைவேத்தியம் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களிடமும் சண்டை போட்டிருக்கிறோம். மஞ்சள் தண்ணியில் முக்கினா விஷம் முறிஞ்சிடும்னு ஒருத்தர், உப்புத் தண்ணி போதும்னு இன்னொருத்தர். பெருமாளுக்குப் படைப்பதால்தான் கவனமாக இருக்க வேண்டும். நம் மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில் பாதி சின்னப் பிள்ளைகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்கள் வரிசையில் உட்கார்ந்து கீரை ஆய்கிற பாட்டிமார்களுக்காக. அவர்களில் மூன்று பேர் எஸ்டேட்டில் மருந்து அடித்தவர்கள். முதுகில் பம்பு, காலில் செருப்புகூட இல்லாத வருஷங்கள். பாராகுவாட் களைக்கொல்லி. நகம் உளுத்துப்போய் விழுந்தது, மூக்கில் ரத்தம் வந்தது என்று அவர்கள் சொல்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். தெனாகானித்தா அமைப்பு 2002இல் தோட்டத்துப் பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் இதே மாதிரிக் கதைகள்தான். அந்த வருஷம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், கடைசியாக முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1. அதுவரை அடித்தது யார் தோளில்? நம் அம்மாக்கள் தோளில். அந்த மருந்தையும் இந்த அட்டை பிடிக்காது. பேனரைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டி கேட்டார்: "ஏம்மா, எங்களுக்கு அப்ப இந்த அட்டைய யாரும் வெச்சுப் பாக்கலியே?" ஆர்கனோபாஸ்பேட் அடிக்கிறவர்களுக்கு இதே நொதியை ரத்தத்தில் சோதிக்க முடியும் என்று சொன்னோம். "எங்க ரத்தத்த யாரு எடுத்தா" என்று கீரையை ஆயப் போய்விட்டார்.

காயில் மிச்சமாகும் மருந்து நம் இலையில் ஆரம்பிப்பது இல்லை. அடிக்கிறவரிடம் ஆரம்பிக்கிறது. எந்தக் காயில் ஆபத்து அதிகம் என்பதும் அங்கேதான் தெரியும். மருந்து டப்பாவில், அடித்து இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று போட்டிருக்கும். கோஸ் ஒரே தரம் வெட்டுகிற பயிர், காத்திருக்கலாம். பயித்தங்காய், வெண்டை, மிளகாய் அப்படி இல்லை. பயித்தங்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். பூவும் பிஞ்சும் பறிக்கிற காயும் ஒரே கொடியில். பூச்சி வந்தால் அடிக்கத்தான் வேண்டும், அடித்த மறுநாள் பறிக்கத்தான் வேண்டும். நியாயமாக, நாம் சோதிக்க ஆசைப்பட்டால் முதலில் பயித்தங்காயில் ஆரம்பித்திருக்க வேண்டும். முள்ளங்கி கண்ணில் பட்டது, அதை எடுத்தார்கள்.

அக்காவிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்டால் எந்தத் தோட்டத்துச் சரக்கு, எத்தனை நாளுக்கு முன்னால் மருந்து அடித்தது என்று அவர் போன் போட்டுச் சொல்வார். அவர் வாங்குவது பக்கத்திலேயே இருக்கிற நாலைந்து சின்னத் தோட்டக்காரர்களிடம். புது சப்ளையரிடம் கேட்டோம். "போரோங்ல எடுத்தது" என்றார். எந்தத் தோட்டம்? "அது தெரியாது, கேமரனா இருக்கும்." பெட்டியில் லேபல் இருக்க வேண்டுமே, 2008ஆம் வருஷத்து பாமா விதிமுறைப்படி தரம், பொட்டலம், லேபல் மூன்றும் கட்டாயம், உற்பத்தி செய்தவரோ அனுப்பியவரோ யார் என்று பேரும் விலாசமும் இருக்கும். பெட்டி எங்கே? ஏற்கனவே கிழித்துப் பாசாரிலேயே போட்டாச்சு. வேறு பையில் மாற்றிக் கொண்டு வந்திருக்கிறார். இவருக்கு நீல அட்டை, அக்காவுக்கு வெள்ளை அட்டை.

ஆகவே நிர்வாகத்தைக் கேட்கிறோம். பேனரை இறக்குங்கள். இறக்கச் சொல்வது அட்டையைத் தூக்கிப் போடச் சொல்வது அல்ல. அட்டை குளிர்பெட்டியில் இருக்கட்டும், ஏர்கோனுக்கு வெளியே வைத்து, ஒப்பீட்டு அட்டையோடு, பயித்தங்காய், வெண்டை, கத்தரி, சவி போன்றவற்றைச் சோதிப்போம். காய் போடுகிறவர் முன்னாலேயே, ஆனால் சோதிக்கிற கை நம் கையாக இருக்கட்டும். வெள்ளையானால் அதே காயை இன்னொரு தரம். அப்பவும் வெள்ளை என்றால் அந்தக் கூடை மட்டும் அன்றைக்குச் சமையலுக்குப் போகாது, தோட்டக்காரரிடம் என்ன அடித்தார் என்று கேட்போம், திரும்பத் திரும்ப வந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதுவோம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, காய், யாரிடமிருந்து, எந்தத் தோட்டம், அட்டை நிறம். நீலம் வந்தாலும் யாரும் படம் எடுத்துப் போட வேண்டாம். மைகேப் சான்றிதழ் உள்ள தோட்டமா என்று கேட்டு, இருந்தால் அந்த நம்பரையும் புத்தகத்தில் எழுதிக்கொள்வோம்.

கழுவும் வேலை எங்களுடையது, அதில் எங்கள் தப்பும் உண்டு. அவசரத்தில் நறுக்கிவிட்டுத் தோங்கில் கொட்டி ஒரு அலசு அலசுகிறோம். முதலில் கழுவ வேண்டும், பிறகு நறுக்க வேண்டும், ஓடுகிற தண்ணியில், கையால் தேய்த்து. குழாய்த் தண்ணியே மேற்பரப்பு மிச்சத்தில் நல்ல பங்கைக் குறைக்கும். கடையில் விற்கிற காய்கறி கழுவும் திரவம் அதைவிடப் பெரிசா ஒன்றும் செய்யவில்லை என்று அமெரிக்காவில் கனெடிகட் வேளாண் நிலையம் பார்த்துச் சொல்லியிருக்கிறது. சோடா மாவைப் பற்றி 2017இல் அமெரிக்காவில் வேறு ஓர் ஆய்வு வந்தது. ஆப்பிளில், பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிஷம் ஊறவைத்து, மேலே இருந்த ரெண்டு மருந்தை அகற்றினார்கள். தோலுக்குள் இறங்கினதை அகற்ற முடியவில்லை. அதனால் அதையும் மந்திரமாக நினைக்க வேண்டாம். இனிமேல் முக்கால் மணி நேரம் முன்னாலேயே வருகிறோம்.

கடைசியாக அக்கா. "நச்சுக் காய்கறி" என்று எந்தக் குழுவில் போட்டீர்களோ அதே குழுவில், அதே அளவு எழுத்தில், சோதனை சரியாகச் செய்யப்படவில்லை என்று போட வேண்டும். வேன் படத்தை நீக்க வேண்டும். "நாங்க பேர் சொல்லலியே" என்று ஒருவர் சொன்னார். நம்பர் பிளேட்டைவிடப் பெரிய பேர் என்ன இருக்கு? தனியாகப் போய்ச் சமாதானம் சொல்வதும் போதாது. ஊரறியப் பேர் கெட்டது, சமாதானம் மட்டும் அடுப்படியிலா?

நாங்கள் புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "தோட்டக்காரங்க நாலு பேரும் போன் போட்டு அழுறாங்கம்மா, அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கடைசிச் சனிக்குக் காய் போடுவீர்களா என்று கேட்க வாய் வரவில்லை.

நிர்வாகக் கூட்டம் வியாழன் இரவு எட்டு மணிக்கு. உறுப்பினர் அல்லாதவர்களும் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம் என்று சட்டவிதி சொல்கிறது. வருகிறவர்கள் வாருங்கள். சனிக்கிழமை காய் நறுக்க இன்னும் ஆறு பேர் தேவை. மூணே கால் மணிக்குப் பின்கட்டு வாசல் திறந்திருக்கும். கத்தி நீங்களே கொண்டு வாருங்கள், பலகை இருக்கிறது.

அன்னதானக் குழு, காய் நறுக்கும் தொண்டர்கள்